இரவல் கைக்குட்டை

ஒரே ஒரு முறை கேட்டில் முட்டியதற்காக, மகன் என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். மறுநாளே மாயாஜாலம் பழகத் தொடங்கினேன். பத்தே நாளில் வீட்டுக் கரண்டிகளெல்லாம் என்னைக் கண்டு நடுங்கின.

"டேய், உன் கைக்குட்டையைக் குடு. மறைச்சுக் காட்டறேன்."

"இதுல ஏதோ உள்குத்து இருக்குப்பா." பையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அவரை நம்பாதேடா," என்றாள் மனைவி. "சாவியை எங்கிட்ட குடுத்துட்டு அப்புறம் வேடிக்கை பாரு."

சாவியை அவளிடமும் கைக்குட்டையை என்னிடமும் கொடுத்தான். என் விரல்களையே முறைத்தான். கைக்குட்டையோ என் சட்டைக் கைக்குள்ளிருந்து வாலாட்டியது.

"இவ்வளவுதானாப்பா உங்க மேஜிக்?" விழுந்து விழுந்து சிரித்தான்.

தலையைத் தொங்கப் போட்டபடி வாசலுக்கு வந்தேன். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி சாவியை நீட்டினாள்.

"சீக்கிரம் எடுங்க. மறைஞ்சது எதுன்னு அவனுக்கு உறைக்கறதுக்குள்ள!"