மஞ்சள் நாடாவில் தும்பி

அஹுன்ட்சிக் ஆற்றங்கரையில் பின்னேர வெயில் நாணல்களுக்குள் இறங்கிக் கிடக்கிறது. நேற்று இங்கே மீன் பிடிக்க வந்த அமலதாஸ் பாறையில் வழுக்கி ஆற்றோடு போய்விட்டான். காலையிலிருந்து பொலிஸ் படகு ஒன்று ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரையோர மர வாங்கில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி ஜெனாட் படகைப் பார்ப்பதில்லை. கரையை மறித்துக் கட்டிய மஞ்சள் நாடாவில் ஒரு தும்பி செட்டைகளை அகல விரித்தபடி இருக்கிறது. ஒரு முழம் தள்ளி, நாணல் நுனியில் நீல ஊசித்தும்பி ஒன்று தன் செட்டைகளை முதுகோடு சேர்த்து மூடியிருக்கிறது. இதே வாங்கில் இருந்துதான் ஒவ்வொரு கோடையும் அமலதாஸ் அவளோடு வாதாடுவான். "ரெண்டும் ஒண்டுதான். இது அதின்ர குட்டி." அவளும் விடமாட்டாள். "குட்டி தண்ணிக்குள்ளயெல்லோ கிடக்கும்! விசர்க்கதை கதையாதேங்கோ." நாடா ஒருமுறை அதிர்கிறது. பாய்ந்துபோன தும்பி அதே இடத்துக்குத் திரும்பிவந்து, பிடித்த ஊசித்தும்பியைத் தலையிலிருந்து மென்று தின்னத் தொடங்குகிறது. தின்னாத செட்டை ஒன்று கழன்று, கண்ணாடித் துண்டுபோல மினுங்கிக்கொண்டு புல்லில் விழுகிறது. படகின் எஞ்சின் நின்றுவிடுகிறது. தண்ணீருக்குள்ளிருந்து சுழியோடி ஒருவன் கையை உயர்த்துகிறான். அவளுடைய அண்ணன் றெனோல்ட் அவள் தோளைத் தொடுகிறான். "ஜெனாட், காருக்குள்ள போவம், வா." அவள் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறாள். "பொறுங்கோ அண்ணை. ரெண்டும் ஒண்டெண்டு சொன்னவரை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோ."