ஒரே வேலைக்கு இரண்டு தோட்டா

"இந்த டூ-செவன்டி துப்பாக்கி எதுக்கு? எல்க் மானுக்கு என்னோட தேர்ட்டி-ஆட்-சிக்ஸே போதும். ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு வகைத் தோட்டா வாங்கி அடுக்கணும்?" என்றார் வெர்லின். அவர் வீட்டுத் துப்பாக்கி அலமாரி நிரம்பியிருந்தது. லொரீன் கொண்டுவந்த டூ-செவன்டி மேஜைமேல் கிடந்தது.

"உன்னோடது சுடறவங்க தோளைப் பேத்துடும். இது பதமா உதைக்கும், நேராப் போய்த் தைக்கும். வேண்டாம்னா உன்னோடதைத் தள்ளிவிடு," என்றார் லொரீன்.

"எத்தனை மான் அடிச்ச துப்பாக்கி தெரியுமா அது?"

"தெரியுமே! நீ குறி தப்பவிட்ட மானெல்லாம் மொன்டானா முழுக்கப் பேரன் பேத்தியோட மேயுது."

கேக் பெட்டியோடு உள்ளே வந்தாள் லொரீனின் மகள் டானா. "நாளைக்கு உங்க கல்யாணத்தை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இப்படியா சண்டை போடுவீங்க?" என்றவள், மேஜையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா... இது அப்பாவோடதுல்ல?"

லொரீன் தலைகுனிந்தார். "அவர் இறந்துபோனதுலேருந்து நான்தான் எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வெர்லின்."

வெர்லின் அலமாரியைத் திறந்தார். தன் தேர்ட்டி-ஆட்-சிக்ஸை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டூ-செவன்டியைப் பத்திரமாக நிறுத்தினார்.

"டானா, என்னோடதை உன் புருஷன்கிட்ட கொடுத்துடு. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தான்," என்றவர் லொரீன் பக்கம் திரும்பினார். "நீ இந்த வீட்டுக்கு வரும்போது அவரும் வரட்டும். ஒரே வீட்டுல ரெண்டு பேர் உன்மேல பிரியமா இருந்தா என்ன குறைஞ்சுடும்?"

லொரீன் எட்டி அவர் கன்னத்தில் முத்தமிட்டார்.

"கல்யாணம் நாளைக்குத்தாம்மா!" என்று சிரித்தாள் டானா.