வராத விமானம்

"கேஸ் குடுக்காண்டாம்ணு சொன்னா குடுக்காண்டாம். அவ்வளவுதான்!"

பொன்னுதாஸ் இப்படிச் சொன்னதும் மினிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அம்மாவை அடக்கம் செய்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பந்தல் நாற்காலிகளை இன்னும் அடுக்கவில்லை. அதற்குள் அப்பா அந்தப் பிளேனுக்கு வக்காலத்து வாங்குகிறார்!

"அத்தான், மூணு நாளாக்கும் அக்காவைக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில ஐஸ் பெட்டியில வச்சிருந்தது," என்றார் தாய்மாமா ரெத்தினதாஸ். "எதுக்கு? எபின் வெளிநாட்டில இருந்து வந்து அம்மைக்க முகத்தப் பாக்கணும்ணுதானே? பிளேனைக் கேன்சல் பண்ணி அவனை வரவிடாமச் செய்தவனுகளைச் சும்மா விடவா? நெய்யாற்றின்கரை கோர்ட்டில எனக்க கூட்டுக்காரன் வக்கீல் உண்டு."

"மாமா சொல்லது சரிதான்ப்பா," என்றாள் மினி.

"வேண்டாம் மக்கா. அவனை அதில வரச் சொன்னது நானாக்கும். தப்பு எனக்க மேலதான். போட்டும்."

தப்பு அவர் மேல்தான், அதில் மினிக்கும் சந்தேகம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால், தன் அப்பன் செத்த செய்தி கேட்டு மஸ்கட்டில் தவித்து நின்றவருக்கு, நிரம்பி வழிந்த விமானத்தில் அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் எப்படியோ ஓர் இடம் தேடிக் கொடுத்தாராம். ஓடோடி வந்து குழியில் ஒரு பிடி மண் போட்டாராம். அன்றிலிருந்து அப்பாவுக்கு அது பிளேன் இல்லை, சொந்தக்காரன்.

ஊரே வேறு வேறு கம்பெனிக்கு மாறியாயிற்று. அப்பா மட்டும் மாறவில்லை. மினியின் புருஷன் ஒரு தடவை அரபிக்காரன் விமானத்தில் வந்து இறங்கியதற்கு, இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காலத்தில் பிளேனில் கொடுத்த தோள்பையில்தான் இன்றைக்கும் பைபிளும் பாட்டுப் புத்தகமும் சர்ச்சுக்குப் போகும்.

இன்று அதே பையில் எபினுக்கு ஒரு வெள்ளைச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் தனியாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனார். மகனை நேரே சர்ச்சுக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு ஒற்றையாகத் திரும்பினார்.

"பிளேன் வரல்ல மக்கா. கேன்சலாம். எபினும் போன் பண்ணினான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"சர்க்காரே அதை வித்துக் கையைக் கழுவியாச்சு. அத்தானுக்குத்தான் விட மனசில்ல," என்றார் மாமா இப்போது.

மினியால் பொறுக்க முடியவில்லை. "அம்மாவ விட உங்களுக்கு அந்தப் பிளேனாப்பா பெரிசு? பெத்த மகன் கையால ஒரு பிடி மண்ணு கிட்டாம அம்மா போயாச்சு. இனியும் அவனுகளுக்காகப் பரிஞ்சு பேசதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லியா?"

பொன்னுதாஸ் மெல்ல எழுந்தார். ஆணியில் தொங்கிய தோள்பையிலிருந்து பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். வெறும் பையை மகளிடம் நீட்டினார்.

"இந்நா, அடுப்பில கொண்டு போடு. சாவது வரை இனி அதில நான் ஏற மாட்டேன். அதுக்க பேரையும் எடுக்க மாட்டேன். ஆனா கேஸ் வேண்டாம்."

மாமா விடுவதாக இல்லை. "ஏட்டி மினி, நீ எபினுக்க டிக்கெட்டை அனுப்பச் சொல்லு. அத்தான் கையெழுத்து நமக்கு வேண்டாம்."

மினி பையோடு கொல்லைக்குப் போனாள். காப்பி போட்ட பெரிய அடுப்பில் தீ இன்னும் அணையவில்லை. எபினைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அவன் எதற்கு, பிளேன் விவரத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே? பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் அந்த விமானத்தின் நம்பரை அப்பா மறந்ததில்லை. சொல்லிச் சொல்லி மினிக்கும் அது மனப்பாடம். அடித்துப் பார்த்தாள். தேதி சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்தாள்.

பை தீயில் விழவில்லை. மினி அதைத் தட்டித் துடைத்து, திரும்ப ஆணியிலேயே கொண்டு மாட்டினாள்.

"என்ன மினி, டிக்கெட் வந்துதா?" என்றார் மாமா.

"அவன் எடுக்கல்ல மாமா. நான் போன்லயே பாத்தேன்."

பொன்னுதாஸ் சட்டென்று நிமிர்ந்தார். பெற்ற மகளைப் பார்த்து ஒரு தகப்பன் அப்படிக் கெஞ்சக் கூடாது. அந்தக் கண்ணை அவளால் தாங்க முடியவில்லை.

"கேன்சல்ணுதான் காட்டுது மாமா," என்றாள் மினி. "கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் பிளேன் எப்பவும் சதிக்கது தானே."

மாமா முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிகளை அடுக்கப் போனார்.

"ஆமா மக்கா, சதிச்சுப் போட்டுது," என்றார் பொன்னுதாஸ். அந்த விமானத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனுக்கு அங்க என்ன கஷ்டமோ... ஆரிட்டயும் சொல்லாண்டாம்," என்றார். குழிக்கரையில் அழாத மனுஷன், மேசையில் கிடந்த வெள்ளைச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

மினி போனை அணைத்தாள். காலை ஆறரை மணிக்கு வர வேண்டிய அந்த விமானம், அப்பா ஏர்போர்ட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்து நிமிடம் முன்னதாக வந்து இறங்கியிருந்தது.