கேட்டிக்கு மேற்கே ஒரு மாட்டுப் பொங்கல்

கிட்டுசாமி அண்ணன் மூன்றாவது தடவையாக வானத்துக்குப் போனார்.

முதல் தடவை ஆளுயரம். இரண்டாவது, கொட்டகை உயரம். இந்த முறை போனவர் திரும்பி வர நேரமானது. அதற்குள் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

விழுந்தபோது விலாவில் கேட்ட சத்தம் முருங்கைக்காயை ஒடித்த மாதிரி இருந்தது. ஒன்றல்ல, இரண்டு காய்.

வெள்ளை வேட்டியில் பாதி சிவப்பு. மீதிப் பாதி கொம்பில்.

மாடு என்று சும்மா சொல்லிவிட முடியாது. டெக்சாஸ் மாடு. அதன் இரண்டு கொம்புக்கும் நடுவில் ஈரோடு பஸ் ஒன்று தாராளமாக வளைந்து திரும்பலாம். அது மூச்சு விட்டதில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தன.

ஆனால் தப்பு மாட்டின் மேல் இல்லை.

மாலை போட்டோம், நின்றது. கொம்புக்கு மஞ்சள் பூசினோம், நின்றது. நெற்றியில் பொட்டு வைத்தோம், அதற்கும் நின்றது. அண்ணன் கற்பூரத்தை ஏற்றி அதன் மூக்குக்குக் கீழே மூன்று சுற்றுச் சுற்றினார். ஊர் மாடாக இருந்தால் இன்று நமக்கு மரியாதை நடக்கிறது என்று புரிந்துகொண்டிருக்கும். இதற்கு மூக்கு மயிர் பொசுங்கியது மட்டும்தான் புரிந்தது.

எங்கள் ஜீவகாருண்ய சங்கத்துக்கு அண்ணன் நாற்பது வருஷமாகத் தலைவர். கோபிசெட்டிபாளையத்திலிருந்து நாங்கள் டெக்சாஸுக்கு வந்ததே, கறி தின்கிற சீமையைக் கறி தின்னாத சீமையாக மாற்றத்தான். பன்னிரண்டு நாளில் பதினோரு கூட்டம். அண்ணன் தமிழில் பேசுவார். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியாரான நான் மொழிபெயர்ப்பேன். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, நேரே கறி சுடுகிற பார்பிக்யூ கடைக்குப் போனார்கள்.

"ஒருத்தனாச்சும் மாறோணுமுங் வாத்தியாரே. இல்லீன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஊருக்குப் போறது?" என்று அன்று காலையில்கூட அண்ணன் புலம்பினார்.

புலம்பினாலும் மாட்டுப் பொங்கலை விட அவருக்கு மனமில்லை. பதினோராவது கூட்டத்தில் பின்வரிசையில் தூங்கிய ராய்ஸ் என்பவருக்குக் கேட்டி என்ற ஊருக்கு மேற்கே பண்ணை இருக்கிறது என்று தெரிந்ததும், கெஞ்சி ஒரு மாட்டை வாங்கிவிட்டார். பூஜைக்குத்தான்.

அந்த மாடு இப்போது நான்காவது தடவைக்கு மண்ணைக் கிளறியது.

ராய்ஸ் வேலி மேல் ஏறித் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். விரல் விசையில். குறி, நாங்கள் வைத்த பொட்டுக்கு நேராக.

மண்ணில் கிடந்த அண்ணன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"சுடச் சொல்லுங் வாத்தியாரே. அந்தச் சனியனச் சுட்டுக் கொல்லச் சொல்லுங்."

அந்த நிலைமையிலும் மரியாதை குறையவில்லை. எனக்கு.

ராய்ஸ் குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

பதினோரு கூட்டமாகக் கொல்லாதே, கொல்லாதே என்றே சொல்லிப் பழகிய நாக்கு. அதைத் திருப்பிப் பார்த்தேன். திரும்பவில்லை. வேறொன்றைச் சொல்லிவிட்டேன்.

ராய்ஸ் துப்பாக்கியை இறக்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அண்ணன் நான்காவது தடவை போனார். ஐந்தாவதும் போனார். ஐந்தாவதில் ஒரு செருப்பு, கைக்கடிகாரம், முன்பல் மூன்றும் ஆளுக்கொரு திசையில் இறங்கின. தோள்பட்டை அதன் இடத்தில் இல்லை.

ஆறாவதுக்கு அவர் மனைவி சாரதா அக்கா விடவில்லை. சங்கத்தின் மகளிர் அணிச் செயலாளர், எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டுத்தான் நடப்பவர், பொங்கல் பானையை இரண்டு கையாலும் தூக்கி மாட்டின் மூஞ்சியில் போட்டு உடைத்தார். பானை நூறு துண்டானது. மாடு தள்ளாடி முன்னங்காலில் விழுந்தது.

பிறகு நாக்கை நீட்டி மூக்கிலிருந்த வெல்லத்தை நக்கிப் பார்த்தது. முந்திரியை ஒவ்வொன்றாகத் தேடித் தின்ன ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் அண்ணனை ஆளுக்கொரு காலாகப் பிடித்து வெளியே இழுத்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் கட்டுப் போடாமல் மிஞ்சியது முகமும் இடது கையும்தான்.

"சுடச் சொல்லி நாஞ் சொன்னத அந்தாளுகிட்டச் சொன்னீங்ளா வாத்தியாரே?"

"சொன்னனுங்ணா. 'இவரு பேச்சக் கேட்டதுக்கப்புறம் ஒரு உசுரக் கொல்ல எனக்குக் கை வராது'ன்னுட்டாரு."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"அவன் மாறிட்டான். நாந்தான் மாறல."

எனக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ராய்ஸ் உள்ளே வந்தார். கோயிலுக்குள் வருகிற மாதிரி, சத்தமில்லாமல், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. கட்டிலருகே வந்து நின்று என்னிடம் இங்கிலீஷில் மெல்லச் சொன்னார்:

"குறுக்கே வராதீர்கள், வருஷா வருஷம் நாங்கள் பொங்கல் கொண்டாடுவதே இப்படித்தான் என்று நேற்று நீங்கள் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த வருஷம் உங்கள் சங்கத்தில் எல்லோரும் வாருங்கள். ஆளுக்கு ஒரு மாடு போதுமா?"

அண்ணன் அவருடைய கையை இடது கையால் பற்றி இழுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.