பின் அச்சுக்குள் வாழைத்தோல்

கம்பத்தில் பத்து மணி வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்கி, ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பிக்கப்பின்மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. சங்கிலி என்ற மெக்கானிக், உடைந்துபோன டிஃபரென்ஷியல் பற்சக்கரங்களைப் பின் அச்சிலிருந்து கழற்றி இழுக்கிறார். கறுத்த ஆயில் கொழகொழவென்று தட்டில் வடிகிறது. அதில் நார் நாராக ஏதோ மிதக்கிறது. விரலால் எடுத்து முகர்ந்துவிட்டுச் சிரிக்கிறார். "பல்லு அரையுற சத்தத்த வாழத்தோலப் போட்டு அமுக்கிருக்க. வண்டிய எவன் தலையிலப்பா கட்டப் பாத்த?" வண்டிக்காரன் இமானுவேல் தரையில் காத்திருக்கும் புது டிஃபரென்ஷியலின் பற்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து வரும் அந்த ஊளைச் சத்தத்துக்கு அவன் மகள் கிளாரா வீறிட்டு அழுவாள். மார்க்கெட்டில் டிரைவர்கள் சொன்ன வைத்தியம்தான் இந்தத் தோல். பத்து நாள் வண்டி சத்தமில்லாமல் ஓடியது, பிள்ளையும் தூங்கினாள். பதினோராம் நாள், அவளுக்கு மூச்சு முட்டிய அன்று, உத்தமபாளையம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சங்கிலிக்கு அந்த நாள் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. வாசலில் இமானுவேலின் மனைவி ரீட்டா வந்து நிற்கிறாள். அவர் நார்களை அவசரமாகக் கந்தைத்துணியில் சுருட்டுகிறார். "எதுனாலண்ணே நின்னுச்சு?" என்று கேட்கிறாள். "பழைய வண்டில்ல ஆத்தா, பல்லு தேஞ்சிருச்சு. வேற ஒண்ணுமில்ல." இமானுவேல் நிமிரவில்லை. ரீட்டா அந்தத் துணியைப் பார்க்கிறாள். "தோல உரிச்சுக் குடுத்ததே நாந்தேண்ணே," என்கிறாள்.