சோல்பானின் வீடு

ஒராஸ் தன் மனைவியின் பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, தரையில் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவள் காலடியில் வைத்தார்.

"பனி ஒட்டியிருக்கும்," என்றார்.

பூட்ஸ் ராத்திரி முழுக்க ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதில் ஏது பனி? ரவ்ஷான் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே மனிதர் இப்படித்தான். அவள் கோட்டை உதறித் தருகிறார். சோபாவுக்கு அடியில் தானே பெருக்குகிறார், அதுவும் டார்ச் அடித்து. ஐஸ் வைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு கண்ணாடிப் பெட்டி வைக்க ஜன்னல் மேடையைக் கேட்கப்போகிறார்.

இருக்கும் பெட்டி போதாதா? டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒராஸ் ஒரு மலைச்சரிவையே கட்டியிருந்தார். தேங்காய் நார்த்தூளும் களிமண்ணும் கலந்த தரை, ஓக் மரப்பட்டையில் ஒரு குகை, பாறையைப் பிடித்து ஏறும் கொடி, உதிர்ந்த இலைகள், பூஞ்சையைத் தின்பதற்கென்றே பொடிப் பூச்சிகள். கொடி கொஞ்சம் அதிகம் படர்ந்துவிட்டது என்று போன வாரம் லீவு போட்டு, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு நாள் முழுக்கக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

இத்தனையும் சோல்பானுக்காக. சோல்பான், உள்ளங்கை அகலத்துக்கு, முழங்கால்கள் மட்டும் சிவந்து, உடம்பெல்லாம் முடி முளைத்த ஒரு மெக்சிகோ சிலந்தி.

பெட்டி அழகு என்பதை ரவ்ஷானும் மறுக்கமாட்டாள். அல்மாட்டி நகரத்தில் சிலந்தி வளர்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பெட்டியின் முன் மண்டியிட்டு வெகுநேரம் தேடிவிட்டு, "காணவே காணோமே" என்று பொறாமையோடு பெருமூச்சு விடுவார்கள். ஒராஸுக்கு அதுதான் பரிசு. காட்டில் இருப்பதுபோல அமைந்துவிட்டால் சிலந்தி பயமில்லாமல் பதுங்கிக்கொள்ளுமாம். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கட்டியவன் சரியில்லையாம்.

ரவ்ஷானுக்குத் தூக்கம் போனதும் அதனால்தான். கண்ணில் படாத ஒன்றை எப்படிக் கண்காணிப்பது? இந்த வீட்டில் ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று ஒருநாள் சொல்லியே பார்த்துவிட்டாள். கொஞ்சம் யோசிக்க நேரம் வேண்டும் என்றார் ஒராஸ்.

அன்றைக்குத்தான் அவள் தல்கத்துக்குப் போன் போட்டாள்.

தல்கத், ஒராஸின் அக்கா மகன். அந்த ஊர் வழக்கப்படி, கூடப்பிறந்தவள் மகன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. ஓடுகிற குதிரையைக் கேட்டாலும் கடிவாளத்தோடு கொடுத்தாக வேண்டும். தல்கத் ரொம்ப நாளாக மாமாவின் மோட்டார் சைக்கிளில் கண் வைத்திருந்தான். சிலந்தி என்றதும் போனிலேயே பின்வாங்கினான். புதிதாகத் திறக்கும் செல்போன் கடையில் அந்தப் பெட்டியை வைத்தால் கூட்டம் அலைமோதும் என்று பேசிப் பேசி அவனைக் கரைத்தாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். அவன் தட்டில் ரவ்ஷான் குதிரை இறைச்சியை மலையாகக் குவித்தாள். பால் விட்ட தேநீர் வந்த பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

ஒராஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "மோட்டார் சைக்கிளா?"

"இல்ல மாமா. அந்தப் பெட்டி. சிலந்தியோட."

ரவ்ஷான் குனிந்துகொண்டாள். கணவர் அழுதால் துடைக்க மடியில் துண்டுகூடத் தயாராக வைத்திருந்தாள்.

"எடுத்துக்கோடா," என்றார் ஒராஸ்.

தல்கத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்துபோய், எட்ட நின்றபடியே கண்ணாடிக்குள் பார்த்தான்.

"எங்க மாமா? ஒண்ணையும் காணோமே."

"தெரிஞ்சா நான் கட்டினது வீண்னு அர்த்தம். உள்ள கைய விட்டுத் தேடிக்கிட்டு இருக்காத."

"கைய விடுறதா? நானா?"

பெட்டியை லிஃப்ட் வரை ஒராஸே சுமந்தார். காரில் வைத்து, பெல்ட் போட்டுவிட்டு, மருமகன் நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினார். திரும்பி வரும்போது சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

ரவ்ஷானுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. துக்கத்தை மறைக்கிறாரோ?

"வருத்தமா இல்லையா உங்களுக்கு?"

"பெட்டிதானே. இன்னொண்ணு கட்டிக்கலாம்."

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. காலியான இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இன்றைக்கு இங்கேயே மெத்தை விரித்து, கால் நீட்டி, விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவதாக அறிவித்தாள். விருந்தாளிகளுக்கான கம்பளி மெத்தைகள் மூலையில் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவிலிருந்து தடிமனான ஒன்றை உருவ, அடுக்குக்குள் முழங்கை வரை கையை நுழைத்தாள்.

"ரவ்ஷான், கைய மெதுவா வெளிய எடு," என்றார் ஒராஸ். "நான் உதறித் தரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பூட்ஸ உதறினீங்க, கோட்ட உதறினீங்க, இப்ப மெத்தையுமா? அதான் அது போயிடுச்சே."

ஒராஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"போனது பெட்டி மட்டும்தான்."