தொழிலுக்குக் கட்டமில்லை

"இதுல கையெழுத்து விழாது சார். எடுத்து உள்ள வைங்க."

கிளை மேலாளர் நம்பிராஜன் நீட்டிய கடிதம் மேஜையின் மறுபக்கத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. தென்காசிக் கிளைக்கு அவர் வந்து எட்டு வருடம். பாலிசிக்காரர் இறந்துபோய்ப் பணம் கேட்டு வருகிற பெண்கள் அழுவார்கள். இவர் தண்ணீர் கொடுப்பார். குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். இந்தப் பெண் தண்ணீரையும் தொடவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு சுடலையாண்டி, பாலிசி எடுக்கையில தொழில் விவசாயக் கூலின்னு எழுதியிருக்காரு. விசாரிச்சுப் பாத்தா, குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்காரு. உண்மையை மறைச்சா பாலிசி செல்லாது. ஆனாலும் கட்டின பிரீமியத்தைத் திருப்பித் தாரோம். சம்மதம்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

"சீசன் மூணு மாசம் எண்ணெய் தேய்ப்பாரு. மத்த ஒம்பது மாசம் வடகரையில தென்னந்தோப்பு வேலை. உங்க ஃபாரத்துல இருந்தது ஒத்தைக் கோடு. அதுல எதை எழுத?"

"பாறை வழுக்குத எடம். ஆபத்தான தொழில்லா?"

"அவரு செத்தது மாசி மாசம், தோப்புல, நெஞ்சுவலியில. மாசியில அருவியில தண்ணி ஏது சார்? குரங்குதான் உக்காந்திருக்கும்."

நம்பிராஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்து லாட்ஜில், சென்னையிலிருந்து வந்த மேலதிகாரிகள் இரண்டு பேர் குளிக்கப் போக இவருக்காகக் காத்திருந்தார்கள்.

"எப்பிடிச் செத்தாருங்கறது விஷயம் இல்லம்மா. எந்த வயசுல ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாவாங்கன்னு ஒரு அட்டவணை இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேய்க்குத அரசு ஆணையம் ஒத்துக்கிட்ட அட்டவணை. அதை வெச்சுத்தான் பிரீமியம் போடுதோம். அதுக்குத் தப்பான தகவல் குடுத்தா..."

அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். அதே அட்டவணை. ஒரே ஓர் எண்ணின் கீழ் பென்சில் கோடு.

"வயசு நாப்பத்தொண்ணு. ஆயிரத்துக்கு ரெண்டு பேரு கூட இல்ல. வயசுக்குக் கட்டம் இருக்கு, சாவுக்குக் கட்டம் இருக்கு. தொழிலுக்கு எங்கன இருக்கு, காட்டுங்க."

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"இன்டர்நெட்ல கிடக்கு. பத்து வருசமா கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில நிக்கேன் சார். காப்பி எடுக்க வாரவங்க பேப்பரை வாசிக்காம திருப்பிக் குடுக்க மாட்டேன். முதலாளி அதுக்கே வைவாரு."

"ஆபத்தான தொழில்னா கம்பெனி கூடுதலா வாங்கலாம். அதுக்குத் தனிப் பட்டியல் இருக்கு."

"அதுல எண்ணெய் தேய்க்கது இருக்கா? பாத்துச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

நம்பிராஜன் கணினியில் பட்டியலைத் திறந்தார். சுரங்கம், வெடிமருந்து, ஆழ்கடல், மின்கம்பம். மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார். எண்ணெய் எங்கும் இல்லை.

"நீங்களும் சீசனுக்குக் குற்றாலம் போறவருதானே. பலகையில குப்புறக் கிடக்கையில, தேய்க்கிறவரு ஆபத்தான வேலை பாக்காரேன்னு பயந்துக்கிட்டா கிடந்தீங்க?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பாலிசிப் பணம் அஞ்சு லட்சம்னதும் இம்புட்டு படிச்சிருக்கீங்க. இந்த அக்கறையை அந்த மனுசன் உசுரோட இருக்கையில காட்டியிருக்கலாம்லா?"

அவள் முகம் ஒரு கணம் வெளிறியது. ஜன்னல் கம்பியில் சொட்டுகிற நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"ஒண்ணு கேக்கேன். செத்தவங்க கணக்கை எல்லாக் கம்பெனிகிட்டயும் வாங்கித்தான் அடுத்த அட்டவணை போடுவாங்களாம். பாலிசியே செல்லாதுன்னு நீங்க எழுதிட்டா, அந்தக் கணக்குல இவரு வருவாரா?"

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். "வர மாட்டாரு."

"குழியில வெச்சு மண்ணு தள்ளியாச்சு. உங்க கணக்குல மட்டும் அவரு சாகவே இல்ல. அவரைச் செத்தவரா எழுதுங்க சார். எழுத மாட்டீங்கன்னா, இந்தப் பேப்பர் அம்புட்டும் ஆணையத்துக்குப் போகும், குறைதீர்ப்பாளருக்கும் போகும். காப்பி எடுக்க எனக்குக் காசு ஆகாது, பாத்துக்கிடுங்க."

செல்போன் அதிர்ந்தது. லாட்ஜிலிருந்துதான். அவர் அணைத்து வைத்தார். சம்மதக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வேறொரு படிவத்தை எடுத்து, 'மரணம்: நெஞ்சுவலி. கோரிக்கை ஏற்கத்தக்கது' என்று தம் கைப்பட எழுதி முத்திரை வைத்தார்.

"ஹெட் ஆபீஸ்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நாமினி இங்கன கையெழுத்துப் போடணும்."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து, மாடிப்படியை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி ஜெயபிரியா, பிள்ளையத் தூக்கிட்டு மேல வா."

இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்து நின்றாள். நம்பிராஜன் கோப்பைப் புரட்டினார். நாமினி: ஜெயபிரியா. உறவு: மனைவி.

"அப்போ நீங்க?"

"நான் முத்துவடிவு," என்றாள் அவள், நாற்காலியை அந்தப் பெண்ணுக்கு இழுத்துப் போட்டபடி. "அவரு தாலி கட்டினது எனக்கு, அஞ்சு வருசமா குடியிருந்தது இவ வீட்டுல."